மவுஸ் அம்புக்குறி தெரியவில்லை என்று லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன்

லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) போட்ட லேப்டாப்பில் மவுஸ் அம்புக்குறி கண்ணில் படவில்லை என்றால் உடனே சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். என் அப்பாவிடம் 3,500 ரூபாய் பிடுங்கியதோடு, அவர் டைப் செய்து வைத்திருந்ததையும் அழித்துவிட்டார்கள்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். கண்புரை ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையில், லிப்ரே ஆபீஸ் என்ற டைப் செய்யும் மென்பொருளின் வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை அம்புக்குறி, அதுவும் 24 பிக்சல் அளவில். புரை விழுந்த கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? நான் வெளியூரில் இருந்ததால் அவரே கடையில் கொடுத்திருக்கிறார். "சார், கிராபிக்ஸ் கார்டு போயிருச்சு. லினக்ஸ் போட்டா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லி, கார்டை மாற்றியதாகத் துண்டுச் சீட்டில் எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள். கேட்காமலே ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து லைசென்ஸ் இல்லாத விண்டோஸையும் ஏற்றிவிட்டார்கள்.

அந்த லேப்டாப்பில் தனியாகக் கிராபிக்ஸ் கார்டே கிடையாது. அது இன்டெல் ஐ3. கிராபிக்ஸ் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, பிராசஸர் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. கழற்றி மாற்ற அங்கே கார்டு என்று ஒன்றுமில்லை. விண்டோஸிலும் அம்புக்குறி வெள்ளைதான் என்பதால் அப்பாவுக்கு அதுவும் தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை.

மின்ட்டின் சின்னமன் என்ற திரைச்சூழலில் இதைச் சரிசெய்யச் செலவே இல்லை. செட்டிங்ஸில் தீம்ஸ் பகுதிக்குப் போய் மவுஸ் பாயிண்டரை 'டிஎம்இசட் பிளாக்' போன்ற கறுப்பு வகைக்கு மாற்றலாம். அப்புறம் மவுஸ் செட்டிங்ஸில் அளவை 48 வரை கூட்டலாம். கன்ட்ரோல் கீயை அழுத்தினால் அம்புக்குறி இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியும் அங்கேயே இருக்கிறது. வயதானவர்களுக்கு அதை முதலில் போட்டுக் கொடுங்கள். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் க்னோம் திரைச்சூழலில் அளவை மாற்றுவது அக்சஸிபிலிட்டி பகுதியில். மாற்றிய பிறகும் சில ஜன்னல்களில் பழைய அம்புக்குறியே வந்தால் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

அம்புக்குறி எந்தப் பின்னணியிலும் வரவே இல்லை, ஆனால் கிளிக் வேலை செய்கிறது என்றால் கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவர் மேல் சந்தேகப்படலாம். என்விடியா கார்டு உள்ள கணினிகளில் இப்படி வருவதுண்டு. லாகின் திரையில் திரையில் காட்டும் வேலையைச் செய்யும் வேலண்டுக்குப் பதில் அதே வேலைக்கான பழைய முறையான எக்ஸ் ஆர்க் கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பென் டிரைவில் வேறொரு லினக்ஸைப் போட்டு பூட் செய்தும் பார்க்கலாம். அதில் அம்புக்குறி ஒழுங்காக வந்தால் வன்பொருளில் பழுது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

கடைக்குப் போயே ஆகவேண்டும் என்றால், ஃபார்மட் செய்யக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். பாகத்தை மாற்றியதாகச் சொன்னால் பழையதைத் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டதற்கு "தூக்கிப் போட்டாச்சு" என்றார்கள். ஜிஎஸ்டி எண்ணோடு பில்லும் தரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கை மேற்கொண்டு பயன்படுத்தாமல் கழற்றி, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டியதில் கொஞ்சம் கோப்புகள் மீண்டன. ஒன்றிலும் பழைய பெயர் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, அப்பாவுக்கு வாசித்துக் காட்டிப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.