பென் டிரைவில் லைவ் லினக்ஸா, வெளி எஸ்எஸ்டியில் முழு நிறுவலா?

கோலாலம்பூரில், எங்கள் செந்தூல் வீட்டில் ஒரே மடிக்கணினி. அதன் விண்டோஸில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது மகளின் உத்தரவு. எனக்கோ விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் வேண்டும். ஆகவே யுஎஸ்பியில் செருகும் வட்டிலிருந்தே அதைத் துவக்குவது என்று முடிவு. ஓராண்டு 32 ஜிபி பென் டிரைவில் லைவ் உபுண்டுவை, அதாவது எங்கும் நிறுவாமல் நேரடியாக இயங்கும் ஒரு லினக்ஸ் வகையை, ஓட்டினேன். கடந்த 8 மாதங்களாக வெளி எஸ்எஸ்டியில் (யுஎஸ்பியில் செருகும் வேகமான சேமிப்பு வட்டு) முழுமையாக நிறுவிய உபுண்டு. என் ஓட்டு இரண்டாவதற்கே.

வேகத்தில் எஸ்எஸ்டிதான் என்பதைச் சொல்லவே வேண்டாம். விலையில் பென் டிரைவ்தான்: லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் அதற்குக் கொடுத்த வெள்ளிக்கு (ரிங்கிட்) எஸ்எஸ்டியின் உறைகூடக் கிடைக்காது.

என்னை மாற்றியது புதுப்பிப்பு விவகாரம். லைவ் யுஎஸ்பியில் மூல அமைப்பு சுருக்கப்பட்ட ஒரே கோப்பாக, படிக்க மட்டும் முடிகிற நிலையில் இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் தனிச் சேமிப்புப் பகுதிக்குப் போகும். தமிழ்99 விசைப்பலகையை ஒருமுறை அமைத்தால் மறுமுறையும் இருப்பது அந்தப் பகுதியின் தயவால்தான். ஆனால் ஒரு மென்பொருளைப் புதுப்பித்தால் பழையது அடியில் அப்படியே கிடக்க, புதியது மேலே ஏறி உட்காரும். இடம் இரட்டிப்பாகத் தின்னப்படும். லினக்ஸின் மையக் கருவான கெர்னலில் புதியதை இறக்கினாலும், துவங்கும்போது எழுவது பென் டிரைவில் முதலில் எழுதிய பழைய கெர்னல்தான். என் சேமிப்புப் பகுதி, ஃபேட்32 என்ற வட்டு வடிவமைப்பு முறையில் ஒரு கோப்பாக இருந்தது. அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கும் எங்கள் குழுவின் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். புதுப்பிக்கவா என்று கேட்டது, சரி என்றேன். பாதியில் 'இடமில்லை' என்று நின்றது. மறுபடி இயக்கியபோது கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கியது. 62 பெயர்களையும் மகளின் விண்டோஸில், அவள் அனுமதியோடு, முதலிலிருந்து அடித்தேன்.

முழு நிறுவலில் இந்தத் தலைவலி இல்லை. புதுப்பித்தால் பழையது போய்விடும், கெர்னலும் மாறும். லைவ் முறையிலும், எம்எக்ஸ் லினக்ஸ் என்ற வேறொரு லினக்ஸ் வகையில் கெர்னலையே மாற்றத் தனிக் கருவி உண்டு. அதை ஒரு வார இறுதிக்கு மேல் நான் ஓட்டியதில்லை, அதனால் அடித்துப் பேச மாட்டேன். எஸ்எஸ்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கும் 8 மாத அனுபவம் போதாது.

முழு நிறுவலிலும் ஒரு பொறி இருக்கிறது. மச்சானின் கணினியில் அவருக்கொரு எஸ்எஸ்டியைத் தயார்செய்தபோது, துவக்கக் கோப்புகள் அவருடைய உள்வட்டின் இஎஃப்ஐ பகுதியில் (துவக்கக் கோப்புகளுக்கான தனி இடம்) போய் உட்கார்ந்துவிட்டன. எஸ்எஸ்டியைக் கழற்றியதும் விண்டோஸுக்குப் பதில், லினக்ஸைத் துவக்கும் நிரலான கிரப்பின் கட்டளை வரி. "என்ன மச்சான், என் கணினியையே காலி பண்ணிவிட்டீர்களா?" என்று கேட்டார். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸின் துவக்க வரிசையில் விண்டோஸை மேலே ஏற்றியதும் சரியாயிற்று. அதன் பிறகு, நிறுவும் முன் உள்வட்டைப் பயாஸில் முடக்கிவிடுகிறேன். அந்த வசதி இல்லாத கணினி என்றால் வட்டையே கழற்றிவிடுகிறேன்.

பழைய பென் டிரைவில் உபுண்டுவைப் புதிதாக எழுதி, சேமிப்புப் பகுதி இல்லாமல், சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேன். போன மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் சித்தப்பாவின் கணினியில் விண்டோஸ் எழவில்லை. அதைச் செருகி, பேத்தியின் காதுகுத்துப் படங்களை எல்லாம் வேறொரு வட்டுக்கு எடுத்துக் கொடுத்தேன்.