பாக்ஸரா, வி-ட்வினா, பேரலல் ட்வினா: சானி பாஸ் ஏறும் மூன்று எஞ்சின்கள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் பெரிய அட்வென்ச்சர் பைக் வாங்கக் கிளம்பும் நம் ஆட்களின் பட்டியல் எப்படிச் சுற்றினாலும் மூன்று வண்டிகளில்தான் வந்து நிற்கிறது: பிஎம்டபிள்யூ ஜிஎஸ், ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின், கேடிஎம் அட்வென்ச்சர். மூன்றும் இரண்டு சிலிண்டர் வண்டிகள். ஜிஎஸ்ஸில் சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் (பாக்ஸர்), இன்றைய ஆப்பிரிக்கா ட்வினில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் (பேரலல் ட்வின்), பெரிய கேடிஎம்மில் வி வடிவில் விரிந்திருக்கும் (வி-ட்வின்). ஆனால் பேச்சு முழுக்கக் குதிரைத்திறனைப் பற்றியே நடக்கும். ஆர் 1250 ஜிஎஸ் 136, ஆப்பிரிக்கா ட்வின் 1100க்கு 102, கேடிஎம் 1290க்கு 160 என்று ஒப்பிப்பார்கள்.

லெசோதோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதையின் உச்சி 2,876 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி டர்பன் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எதுவாக இருந்தாலும் அந்தக் கால் பங்கு பலத்தை அடிவாரத்திலேயே விட்டுவிட்டுத்தான் மேலே வரும். மிச்சமிருக்கும் பலமும் முதல் கியரில், கூழாங்கல்லில், கொண்டை ஊசி வளைவில் யாருக்கும் முழுதாகத் தேவைப்படாது. எடை எங்கே தொங்குகிறது, சூடு எங்கே அடிக்கிறது, க்ளட்ச் எதில் நனைகிறது, வால்வு இடைவெளி பார்க்க எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்பவைதான் அங்கே கணக்கில் வரும். இவற்றையெல்லாம் முடிவு செய்தது அந்தந்த எஞ்சினின் பூர்வீகம்.

படுத்த சிலிண்டர்

விமான எஞ்சின் செய்துகொண்டிருந்த பிஎம்டபிள்யூ, முதல் உலகப் போருக்குப் பிறகு சின்ன பாக்ஸர் எஞ்சின் ஒன்றைச் செய்து மற்ற கம்பெனிகளுக்கு விற்றது. அவர்கள் அதை ஃபிரேமில் நீளவாக்கில் பொருத்தினார்கள். முன் சிலிண்டருக்குக் காற்று கிடைத்தது, பின் சிலிண்டர் வெந்தது. மேக்ஸ் ஃபிரிஸ் அதையே குறுக்குவாட்டில் திருப்பி 1923இல் ஆர் 32ஐ உருவாக்கினார். இரண்டு சிலிண்டரும் காற்றில் நீட்டின. கிராங்க் நீளவாக்கில் அமைந்ததால் பின்சக்கரத்துக்குச் செயினுக்குப் பதில் சுழலும் தண்டு (ஷாஃப்ட்) கொடுப்பதும் எளிதானது. இன்றைய ஜிஎஸ்ஸின் உருவம் அங்கேயே முடிவாகிவிட்டது. 1980இல் வந்த ஆர் 80 ஜி/எஸ், சாலை வண்டியின் 798 சி.சி. எஞ்சினை அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் வழிவந்த வண்டிகளில் ஹூபர்ட் ஒரியோல் 1981, 1983 பாரிஸ்-டக்கார் பந்தயங்களை வென்றார். அடுத்த இரண்டு ஆண்டும் கஸ்தோன் ரஹியே.

எதிரெதிரே ஓடும் பிஸ்டன்கள் ஒன்றின் உதறலை மற்றொன்று அடக்கிவிடும். எடை தரைக்குப் பக்கத்தில் இருக்கும். முக்கால் டேங்க் பெட்ரோல், பின்னால் ஆள், இரண்டு பெட்டி என்று ஏற்றிக்கொண்டு நின்றாலும் ஜிஎஸ் லேசாகத் தெரிவது இதனால்தான். கீழே விழுந்தாலும் சிலிண்டர் ஹெட் முட்டுக்கொடுப்பதால் வண்டி முழுக்கப் படுக்காது, தூக்குவது சுலபம். அதே ஹெட்தான் பாறையில் முதலில் இடிபடுவதும். வால்வு கவரில் விரிசல் விழுந்தால் எண்ணெய் மொத்தமும் வெளியே போய்விடும். ஆகவே சிலிண்டர் கார்டு கட்டாயம், பெட்டியில் ஒரு எபாக்ஸி பசைக் கட்டியும் இருக்கட்டும்.

பழைய ஜிஎஸ் வாங்குபவர் கவனிக்க வேண்டியது க்ளட்ச். 2013க்கு முந்தைய காற்று-எண்ணெய் குளிர்விப்பு மாடல்களில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கார் போல ஒற்றைத் தட்டு உலர் க்ளட்ச். சானியின் மேல்பகுதி வளைவுகளில் அரை க்ளட்சில் தொங்கிக்கொண்டு ஏறினால் கருகிய வாடை வரும். அதோடு விட்டால் பரவாயில்லை. தட்டு தேய்ந்துவிட்டால் மாற்றுவதற்கு வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். 2013இல் தண்ணீர்க் குளிர்விப்பு வந்தபோது எண்ணெயில் நனையும் க்ளட்ச் எஞ்சினின் முன்பக்கம் போனது, கியர்பாக்ஸ் எஞ்சின் கூட்டுக்குள்ளேயே வந்தது. மலை ஏறுபவருக்கு அந்த ஆண்டின் உண்மையான மாற்றம் இதுதான். 125 குதிரைத்திறனும் கூடவே வந்தது, அவ்வளவே.

வால்வு பார்ப்பதில் பாக்ஸரை மிஞ்ச ஆள் கிடையாது. டேங்க்கைத் தொட வேண்டாம். ஆளுக்கொரு பக்கம் கவரைக் கழற்றினால் வால்வு கண்ணெதிரே. ஜிஎஸ் 1100, 1150, முதல் 1200 வரை திருகும் லாக் நட்டும்தான்: வால்வு இடைவெளி இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ., 10,000 கி.மீ.க்கு ஒருமுறை. குளிர்ந்த எஞ்சினில் ஃபீலர் கேஜ் வைத்துச் செய்தால் ஒரு மணி நேர வேலை. 2010இல் இரட்டை கேம்ஷாஃப்ட் ஹெட் வந்ததிலிருந்து ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் சிறு உலோகத் துண்டு. திருகி முடிக்க முடியாது, அளந்து சரியான ஷிம்மை வாங்கிப் போட வேண்டும்.

2018 கடைசியில் வந்த 1250இன் ஷிஃப்ட்கேம், இன்டேக் வால்வுக்கு இரண்டு வகைக் கேம் முகடுகளைக் கொடுத்தது. த்ராட்டிலை லேசாகத் திறக்கும்போது சின்ன முகடு, முறுக்கினால் பெரியது. 143 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 6,250 சுற்றில் வந்தாலும், மலையில் பயன்படுவது அதற்குக் கீழே 2,000, 3,000 சுற்றுகளில் கிடைக்கும் இழுவையே. 2023இன் 1300 கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில் கொண்டுபோய் நீளத்தைக் குறைத்தது. வண்டி 237 கிலோவுக்கு இறங்கியது.

ஷாஃப்ட் பற்றி ஒரு வார்த்தை. செயின் எண்ணெய், ஸ்ப்ராக்கெட் தொல்லை இல்லை என்பது நிஜம். ஆனால் ஆறு கடக்கும் வண்டியில் ஸ்விங்ஆர்ம் முனையிலுள்ள ரப்பர் உறை கிழிந்தோ நழுவியோ இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து ஜாயின்ட் துருப்பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் உடையும். டயர் மாற்றும்போதெல்லாம் அந்த உறையைப் பார்த்துவிடுவது நல்லது.

நிமிர்ந்த இரட்டையர்

ஹோண்டாவின் கதை பாதியில் திரும்புகிறது. 1986 முதல் 1989 வரை டக்காரை வரிசையாக வென்ற என்எக்ஸ்ஆர் 750 வி-ட்வின். அதன் புகழை வைத்து 1988இல் வந்த ஆப்பிரிக்கா ட்வின் 650, பிறகு 2003 வரை ஓடிய 750, இரண்டும் 52 பாகை வி-ட்வின்கள். 2016இன் ஆப்பிரிக்கா ட்வின் 1000இல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சினை பேரலல் ட்வினாக மாற்றினார்கள். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்க ஒன்றும் இல்லை. வி-ட்வினுக்கு நீளம் அதிகம். 21 அங்குல முன்சக்கரத்துக்கும் நீளமான சஸ்பென்ஷனுக்கும் இடம் விட்டால் ஸ்விங்ஆர்ம் குட்டையாகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சிலிண்டர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை, எக்ஸாஸ்டும் இரண்டும் முன்பக்கமே.

வி-ட்வினின் குணம் போய்விடக்கூடாது என்பதற்காக கிராங்க்கை 270 பாகையில் வைத்தார்கள். ஒரு பிஸ்டன் உச்சியில் நிற்கும் நொடியில் மற்றது நடுவழியில் முழு வேகத்தில் ஓடும். இரண்டும் சேர்ந்து நிற்கும் கணமே கிடையாது. எரியும் இடைவெளி 270, 450 பாகை. 90 பாகை வி-ட்வினுக்கும் அதேதான். பின்டயர் சரளையில் பிடியைத் தேடிக்கொள்ள அந்த நீண்ட இடைவெளி உதவுகிறது என்பதே ஓட்டுபவர்களின் பொதுக்கருத்து. மிச்சமிருக்கும் உதறலுக்கு இரண்டு பேலன்ஸர் தண்டுகள்.

இந்த இடச் சிக்கனம் மற்ற பாகங்களிலும் தெரியும். மோட்டோகிராஸ் சிஆர்எஃப் 450இலிருந்து வந்த யூனிகேம் ஹெட்டில் ஒரே கேம்ஷாஃப்ட். எடை உச்சியில் குறைகிறது. வாட்டர் பம்ப் க்ளட்ச் கவருக்குள், எண்ணெய்த் தொட்டி கிராங்க்கேஸுக்குள். எஞ்சினின் அடிப்பகுதி மேலேறியதால் 1000இல் தரைக்கும் வண்டிக்கும் 250 மி.மீ. இடைவெளி கிடைத்தது.

விலையும் உண்டு. வால்வு பார்க்க 24,000 கி.மீ. வரை பொறுக்கலாம், ஆனால் அப்போது பக்கக் கவசங்களும் டேங்க்கும் இறங்கியாக வேண்டும். ஸ்பார்க் பிளக்கும் சிலிண்டருக்கு இரண்டு வீதம் நான்கு. மாறாக 1000இன் ஏர் ஃபில்டர்கள் இரண்டும் டேங்க்கின் இருபக்கமும் இருக்கின்றன, டேங்க்கை அசைக்காமலே மாற்றலாம். லெசோதோவின் குளிர்காலப் புழுதிக்கு இது பெரிய உதவி.

பந்தயத்துக்குப் பிறந்தது

கேடிஎம்மின் எல்சி8 வி-ட்வின் எஞ்சினின் முதல் வேலையே டக்கார். ஃபேப்ரிசியோ மியோனி 2002இல் அந்தப் பந்தய வண்டியில் வென்றார். அதே ஆண்டு இரண்டாவதாக வந்தவர் நம் நாட்டு ஆல்ஃபி காக்ஸ். கடைக்கு 950 அட்வென்ச்சர் வந்தது 2003இல்தான். சிலிண்டர் விட்டம் (போர்) 100 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 60 மி.மீ.: வேகமாகச் சுற்றத் துடிக்கும் அளவு. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே 90 பாகைக்குப் பதில் 75 பாகை வைத்து நீளத்தைக் குறுக்கினார்கள், கூடிய உதறலுக்கு ஒரு பேலன்ஸர் போட்டார்கள்.

பின் சிலிண்டரும் அதன் எக்ஸாஸ்டும் ஓட்டுபவரின் தொடைக்கு அடியில். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் பைன்டவுன் நெரிசலில் மாட்டினால் அந்தச் சூடு விளங்கும். கீழ்ச்சுற்றில் செயினை இழுத்து இழுத்து விடும். க்ளட்சை விரலால் தொட்டுக்கொண்டே ஓட்டத் தெரிந்தவருக்கு அது பிரச்சினையில்லை, தெரியாதவருக்கு வளைவில் எஞ்சின் அணைந்துபோகும். பழைய 950, 990இல் வாட்டர் பம்ப் சீல்தான் பலவீனம். அது போனால் கூலன்ட் எண்ணெயில் கலக்கும்.

பின்னால் வந்த 790இல் கேடிஎம்மும் பேரலல் ட்வினுக்கு வந்துவிட்டது. கிராங்க் பின்களை 75 பாகை விலக்கி பழைய வி-ட்வினின் எரியும் தாளத்தையே கொண்டுவந்தார்கள். எடை, விலை இரண்டையும் பார்ப்பவருக்கு யமஹா டெனெரே 700இன் 689 சி.சி. எஞ்சினும் 270 பாகைக் குடும்பம்தான்.

93 போடுவதா, 95 போடுவதா

எஞ்சினின் அழுத்த விகிதம் கூடக் கூட உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படும். அந்த விகிதம் ஆப்பிரிக்கா ட்வின் 1000க்கு 10, ஜிஎஸ் 1250க்கு 12.5, கேடிஎம் 1290க்கு 13ஐத் தாண்டும். ஜோஹானஸ்பர்க் பக்கம் 93 ஆக்டேன் விற்பதற்குக் காரணம் உயரம்: காற்றழுத்தம் குறைந்த இடத்தில் நாக், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடிப்பது, எளிதில் வராது. அங்கே 93ஐ நிரப்பிக்கொண்டு என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வரும்போது அதே பெட்ரோல் கடல்மட்டத்துக்குப் பற்றாது. ஐந்தாம் கியரில் குறைந்த சுற்றில் த்ராட்டிலை முறுக்கினால் உள்ளே ஆணி குலுக்குவது போலச் சத்தம் கேட்கும். ஜிஎஸ்ஸின் நாக் சென்சார் தீப்பொறியின் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து எஞ்சினைக் காப்பாற்றும், பலம் குறையும். ஹோண்டா பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கேடிஎம் வைத்திருப்பவர் கியரைக் குறைத்து ஓட்டி, அடுத்த ஸ்டேஷனில் 95 கலந்துவிட வேண்டும். மலைக்கிராமத்தில் கேனில் கிடைக்கும் பெட்ரோலைப் போட நேரும் பயணத்துக்கும் ஹோண்டாவின் 10தான் தைரியம்.

என்3, என்2 என்று தார் ரோட்டில் மனைவியோடும் பெட்டியோடும் நாளுக்கு 600 கி.மீ. போகிறவர் 2013க்குப் பிந்தைய ஜிஎஸ்ஸை விட்டு வேறு தேட வேண்டாம். மாதம் ஒருமுறை அண்டர்பர்க் போய்த் தனியாக மலை ஏறுபவருக்கும், தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்பவருக்கும் ஆப்பிரிக்கா ட்வின் 1000 செகண்ட்ஹேண்டில் சரியான வண்டி. 1100க்காகக் கூடுதல் ரேண்ட் கொடுக்க மலை எந்தக் காரணமும் தராது. பெரிய கேடிஎம் வேகமாக ஓட்டத் தெரிந்தவருக்கு மட்டும். பழைய 950 அல்லது 990 என்றால் விலை பேசுவதற்கு முன் எண்ணெய் மூடியைத் திறந்து உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பாலாடை நிறத்தில் படிவு இருந்தால், குறுகிய ஓட்டத்தின் ஈரம்தான் என்று விற்பவர் சொல்லக்கூடும். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, கூலன்ட் மட்டத்தையும் பார்த்துவிட்டு மறுபடி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். படிவும் இருந்து கூலன்டும் இறங்கியிருந்தால் பம்ப் தண்டு, சீல், எண்ணெய் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.