குவார்ட்சைட் சமையல் மேடை: எல்லாம் சரி, குழாயடி மட்டும்…

புதுச் சமையலறைக்குக் குவார்ட்சைட் போடலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். போன வருடம் கேட்டிருந்தால் தயங்காமல் போடுங்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது சிங்க் குழாயை மாற்றி முடித்த கையோடு எழுதுகிறேன். பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

முதலில் கல்லுக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். மணற்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து, மணிகள் ஒன்றோடொன்று இறுகிப் படிகமானதுதான் குவார்ட்சைட். கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில், இந்தக் கல்லின் பெரும்பகுதியான குவார்ட்ஸின் கடினம் 7. கத்தியின் எஃகு அதைவிடக் கீழே. கத்தியை இழுத்தால் கத்தியின் முனைதான் மழுங்கும். கல்லில் விழும் சாம்பல் கோடு உலோகம் உரசிய தடம், துடைத்தால் போய்விடும். எங்கள் மேடையில் இன்றுவரை ஒரு கீறல்கூடக் கிடையாது. சூட்டையும் நன்றாகவே தாங்குகிறது. குவார்ட்ஸ் தூளை ரெசின் என்ற செயற்கைப் பிசினோடு கலந்து தொழிற்சாலையில் செய்யும் பலகை சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே நிறம் மாறத் தொடங்கலாம். இந்தக் கல்லுக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் இயற்கை ஸ்லாபிலும் விரிசல்களை ரெசினால் நிரப்பித்தான் அனுப்புகிறார்கள். அதனால் கொதிக்கும் பாத்திரத்துக்கு அடியில் நான் ஒரு மணை வைத்துவிடுவேன்.

அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். குவார்ட்ஸ் மணிகள் ஒளியைக் கொஞ்சம் உள்ளே விடும். காலை வெயில் சாய்வாக விழும்போது ரேகைகளுக்குக் கீழே ஓர் ஆழம் தெரியும். அச்சடித்த பலகைகளில் அதைப் பார்க்க முடியாது.

சரி, குழாயடிக்கு வருகிறேன். எங்களுடையது வெளிர் நிறக் கல். குழாய் நிற்கும் இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருமை. ஈரத்துணியை வைத்துவிட்டு எடுத்ததுபோல இருக்கும். தேய்த்தாலும் போகாது. தொட்டுப் பார்த்தால் மேற்பரப்பு காய்ந்திருக்கும். வெளியூர் போய்த் திரும்பினால் காணாமல் போயிருக்கும். பாத்திரம் கழுவ ஆரம்பித்ததும் மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதைத் துடைத்துப் பார்த்துவிடுகிறார்கள்.

இது கறை இல்லை, தண்ணீர். மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் ஏறி நிற்கிறது. காய்ந்த கல்லில் அங்கே காற்று இருக்கும். ஒளி சிதறித் திரும்பும், கல் வெளுப்பாகத் தெரியும். காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் சிதறல் குறையும், கல் கறுக்கும். காய்ந்தால் பழைய நிறம். அதோடு நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கல்லுக்குள் இரும்புத் தாதுக்கள் இருந்து, ஈரமும் நிரந்தரமாக நின்றால், துரு பிடித்து மஞ்சளாகும். எங்கள் மேடையில் குழாய்க்கு இடப்பக்கம் அந்த மஞ்சள் வந்துவிட்டது. அது காய்ந்தாலும் போவதில்லை.

மேலே சீலர், அதாவது நீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் பூச்சு, தவறாமல் பூசி வருகிறோம். ஒரு சொட்டு நீரைவிட்டுக் கால் மணி நேரம் பார்த்தால் மேற்பரப்பு கறுப்பதே இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாயைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது. துளையின் உட்சுவர் பாலிஷும் இல்லாமல் சீலரும் இல்லாமல் வெட்டியபடியே இருந்தது. குழாயின் அடி வளையத்துக்குக் கீழே கசிந்த நீரெல்லாம் அந்தப் பூச்சில்லாத சுவர் வழியாக நேராகக் கல்லுக்குள் போயிருக்கிறது. சிங்குக்காக வெட்டிய பெரிய துளையின் கீழ் விளிம்பும் அதே கதிதான். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுக் கொடுத்தவர்கள், தண்ணீர் படும் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு துணியில் சீலரை நனைத்து உள்ளே இரண்டு சுற்றுத் துடைத்திருந்தால் போதும். ஐந்து நிமிட வேலை. இதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால் இது கல் வெட்டியவர் விட்ட குறைதானே, கல்லை ஏன் திட்ட வேண்டும்? நானும் அப்படி எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் இதே அலட்சியத்தை ரெசின் கலந்த பலகை சத்தமில்லாமல் தாங்கிக்கொள்ளும், அது நீரை ஏறக்குறைய உறிஞ்சவே உறிஞ்சாது. அடர் நிறக் கிரானைட்டில் ஈரம் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. வெளிர் குவார்ட்சைட் ஒன்றையும் மறைக்காது. இவ்வளவு கடினமான கல்லுக்கு இப்படி ஒரு பலவீனம் இருப்பதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை; கடினம், கடினம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சரிசெய்வதும் எளிதாக இல்லை. ஈரக் கல்லில் சீலர் ஏறாது, கல்லின் நுண்துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதே. குழாயைக் கழற்றி, சிங்கைப் பயன்படுத்தாமல், மின்விசிறி வைத்து நாள்கணக்கில் காயவிட்ட பிறகுதான் பூச முடிந்தது. அப்புறம் வளையத்துக்கு அடியில் புதிதாக சிலிகோன் பசை வைத்தோம். இடையில் துளையை மெஷினால் கொஞ்சம் பெரிதாக்கலாம் என்று வேலைக்கு வந்தவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். குவார்ட்சைட் ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கா; குவார்ட்ஸ் என்பதே அதுதான். தண்ணீர் விடாமல் அறுத்தால் பறக்கும் தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயை வரவழைக்கும். செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் தடை செய்ததே இந்த நோயால்தான். இயற்கைக் கல் அந்தத் தடையில் வரவில்லை, ஆனால் தூசு தூசுதான். அறுப்பவரின் மூச்சுக்கு என் குழாயைவிட மதிப்பு அதிகம்.

இப்போது கருமை வெகுவாகக் குறைந்திருக்கிறது. மஞ்சள் மட்டும் அப்படியே. துரு நீக்கும் திரவம் போடலாமே என்கிறார்கள். சில துரு நீக்கிகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். குவார்ட்ஸையே கரைக்கும் அமிலம் அது. அதை இந்த மேடைக்குப் பக்கத்தில் விடமாட்டேன்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்லாபின் மேல் ஒட்டிய பெயரை நம்ப வேண்டாம். சூப்பர் ஒயிட், ஃபேன்டஸி பிரவுன் போன்றவை குவார்ட்சைட் என்றே பல இடங்களில் விற்கின்றன. பெரும்பாலும் அவை டோலமைட் என்ற தாது கொண்ட மார்பிள்கள். பிரேசிலிலிருந்து வரும் தாஜ்மஹால் என்ற கல் உண்மையிலேயே குவார்ட்சைட். துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாலிஷ் இல்லாத விளிம்பால் கண்ணாடியைக் கீறிப் பாருங்கள். குவார்ட்சைட் கண்ணாடியைப் பதம் பார்க்கும், மார்பிள் வழுக்கும். பாலிஷ் பக்கத்தில் எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால், மங்கல் விழுந்திருக்கும் கல்லில் மார்பிளில் உள்ளது போன்ற கால்சைட் வகைத் தாது இருக்கிறது. அந்த மங்கலைச் சீலரும் தடுக்காது. ஆனால் இதைவிட முக்கியமாக, அதே துண்டின் வெட்டிய விளிம்பை ஒரு தட்டுத் தண்ணீரில் நிற்கவையுங்கள். ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பாருங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு ஸ்லாப்கள்கூட இதில் ஒன்றுபோல இருக்காது, அதனால் உங்களுக்கு வரப்போகும் ஸ்லாபின் துண்டாகவே கேளுங்கள்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். என் பதில்: சிங்க் இருக்கும் பக்கத்துக்கு வெளிர் குவார்ட்சைட் வேண்டாம். காய்கறி நறுக்கும் மேடைக்கும் அடுப்புப் பக்கத்துக்கும் தாராளமாகப் போடுங்கள், இதைவிட நல்ல கல் எனக்குத் தெரியாது. இல்லை, முழு மேடையும் ஒரே கல்லாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சிங்கும் குழாயும் பொருத்துவதற்கு முன்னால் துளைகளுக்குள் சீலர் பூசியதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.