அந்தமான் பட்ஜெட் ட்ரிப்: சென்னையிலிருந்து கப்பலா, ஃப்ளைட்டா?

கம்மி செலவுல அந்தமான் போகணும், ஆனா கப்பலா ஃப்ளைட்டான்னு முடிவெடுக்க முடியலன்னு நிறைய பேர் குழம்புறாங்க, அதான் எழுதுறேன்.

நேரம்
கப்பல்: கிட்டத்தட்ட 3 நாள், போக மட்டும்.
ஃப்ளைட்: ரெண்டே கால் மணி நேரம் போல.

செலவு
கப்பல்: பங்க் கிளாஸ்தான் மலிவு, பெரிய ஹால்ல மேல கீழ பெர்த், கேபின் எடுத்தா ரேட் ஏறிடும், சாப்பாட்டு காசு தனி.
ஃப்ளைட்: ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணா சில சமயம் கேபின் ரேட்டுக்கே வந்துடும், அதனால கப்பல்னாலே மிச்சம்னு நினைச்சுக்காதீங்க.

வசதி
கப்பல்: மாசத்துக்கு சில தடவைதான் கிளம்பும், தேதியும் மாறும், மழைக்காலத்துல அலை ஜாஸ்தி, வாந்தி மாத்திரை கண்டிப்பா எடுத்துக்கோங்க. ஆனா ராத்திரி டெக்ல நின்னு சுத்தி ஒரு வெளிச்சமும் இல்லாம வானம் பூரா நட்சத்திரமா பாக்குறது இருக்கே, அது எந்த ஃப்ளைட்லயும் கிடைக்காதுங்க.
ஃப்ளைட்: தினமும் உண்டு, லக்கேஜ் எடை மட்டும் பாத்துக்கணும்.

லீவு ஒரு வாரம்தான், கூட குழந்தைங்க பெரியவங்க இருக்காங்கன்னா யோசிக்காம ஃப்ளைட். ரெண்டு வாரத்துக்கு மேல லீவு இருக்குற பசங்க போறப்ப பங்க்ல போயிட்டு வரப்ப ஃப்ளைட்ல வாங்க, என் ஓட்டு இதுக்குத்தான். எதுல போனாலும் இறங்குறது போர்ட் பிளேர்லதான் (இப்ப பேரு ஸ்ரீ விஜய புரம்), அங்கருந்து ஹேவ்லாக் தீவுக்கு (இப்ப பேரு ஸ்வராஜ் த்வீப்) கவர்மெண்ட் ஃபெர்ரி டிக்கெட் கிடைக்குதான்னு முதல்ல பாருங்க, பிரைவேட் ஃபெர்ரி சீக்கிரம் போகும்தான், ஆனா காசு ஜாஸ்தி.