கியர் பாக்ஸ் போச்சு என்று 8,600 ரூபாய் வாங்கினார்கள். கோளாறு கிளட்ச் கேபிளில்

ஹீரோ ஸ்ப்ளெண்டர், பேஷன் மாதிரி பைக் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கியர் இறுக்கமாக விழுகிறது, மாற்றும்போது டக்கென்று அடிக்கிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், "கியர் பாக்ஸ் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிப் பெருந்தொகை கறக்கும் கடைகள் இருக்கின்றன. என்னிடம் அப்படித்தான் கறந்தார்கள்.

நான் மெடிக்கல் ரெப். நாள் முழுக்க டவுனுக்குள் நின்று நின்று போகும் ஓட்டம். என் ஸ்ப்ளெண்டரில் முதல் கியர் போடும்போது சத்தம் வர வர அதிகமானது. சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழவே விழாது. ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை லேசாக முன்னும் பின்னும் ஆட்டிப் போட்டால் எல்லாக் கியரும் சுலபமாக விழும். இந்தக் கடைசி விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது.

பைபாஸ் ஓரத்தில் எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் பெரிய சர்வீஸ் கடை ஒன்றில் விட்டேன். ஒரு பையன் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தான். கிளட்ச் லிவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஃபோர்க் தேஞ்சிருக்கு சார், செகண்ட் கியர் பல்லும் போயிருக்கும். இப்படியே ஓட்டினா நடுரோட்டுல லாக் ஆயிடும்" என்றார் கடைக்காரர். ஃபோர்க் என்றால் முன்சக்கர ஃபோர்க் இல்லை, கியர் பாக்ஸுக்குள் பல்சக்கரங்களை நகர்த்தும் கவை. பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு போகிறவனிடம் இப்படிச் சொன்னால் அவன் என்ன செய்வான்? சரி, பாருங்கள் என்று சொன்னேன்.

வண்டியை எடுக்கப் போனபோது ஒரு கைச்சீட்டு கொடுத்தார்கள். "இன்ஜின் வேலை, 8,600" என்ற ஒரே வரி. எந்தப் பாகம், என்ன விலை, கூலி எவ்வளவு, ஒன்றும் இல்லை. "பழைய சாமான்" என்று ஒரு கவரில் ஒரு ஃபோர்க்கும் ஒரு பல்சக்கரமும் வந்தன. வண்டி என்னவோ வெண்ணெய் மாதிரி ஓடியது. கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடி. போன் செய்தால், "புது ஃபோர்க் செட் ஆகணும் சார், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். அப்புறம் போனை எடுப்பதே இல்லை.

எங்கள் தெருமுனையில் பல வருஷமாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் முதலில் கை வைத்தது கிளட்ச் லிவரில். ரப்பரை விலக்கிக் காட்டினார். கேபிளின் நுனி லிவருக்குள் போய் மாட்டும் இடத்தில் பாதிக் கம்பிகள் அறுந்து பிரிந்து நின்றன. மீதி இழுபட்டு நீண்டிருந்தது. அதன் கீழே இருக்கும், கேபிளின் தொய்வை இறுக்கும் அட்ஜஸ்டர் மரை முழுக்க வெளியே வந்து, இனி திருக இடமே இல்லாமல் நின்றது. "ஆயிலை மாத்தி, இதைத் திருகி விட்டிருக்காங்க தம்பி. அதான் கொஞ்ச நாள் நல்லா இருந்திருக்கு" என்றார்.

கேபிள் தொய்ந்தால் லிவரை முழுதாகப் பிடித்தாலும் கிளட்ச் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது. இன்ஜின் கியர் பாக்ஸைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கியர் அடித்து விழுவதும் நியூட்ரல் சிக்காததும். முதல் கியரில் கிளட்சைப் பிடித்தபடி நிற்கச் சொன்னார். வண்டி தானாக முன்னால் ஊர்ந்தது. இன்ஜினை அணைத்தால் தள்ளுகிற விசையே இல்லை, ஆகவே கியர் சுலபமாக விழுகிறது. கியர் பாக்ஸே கெட்டிருந்தால் இன்ஜின் அணைந்திருக்கும்போதும் அது மக்கர் பண்ணியிருக்கும் என்றார்.

அப்போ 8,600? கீழே குனிந்து பார்க்கச் சொன்னார். ஸ்ப்ளெண்டரில் ஃபோர்க்கையோ பல்சக்கரத்தையோ மாற்ற வேண்டுமானால் இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்கி, ஹெட், பிளாக், மேக்னட், கிளட்ச் எல்லாம் கழற்றி, இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது. ஆனால் இன்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் போன மழைக்காலத்துச் செம்மண் காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது. ஸ்பேனர் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. கவரில் இருந்த "பழைய சாமானை" டீசல் விட்டுத் துடைத்தார். பூசியிருந்த ஆயிலுக்கு அடியில் ஃபோர்க் முழுக்கத் துரு. ஓடுகிற இன்ஜினுக்குள் ஆயிலில் நனைந்தபடியே இருக்கும் சாமானில் அப்படித் துரு ஏறாது. வேறு ஏதோ வண்டியின் காயலான் சரக்கு அது.

அவர் செய்தது இவ்வளவுதான்: புதுக் கேபிள், லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடுவதற்கு முன் லிவர் சும்மா அசையும் தூரம்) விட்டு டைட், ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான) முத்திரை உள்ள 10டபிள்யூ-30 கெட்டித்தன்மை ஆயில், அளவுக்கு மீறி இறுகியிருந்த செயினை 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வுக்குக் கொண்டுவந்தது, காய்ந்து கிடந்த கியர் லிவர் புஷ்ஷில் கிரீஸ். கேபிளின் விலை 200 ரூபாய்க்குள். கார் ஆயிலையோ, டிரம்மிலிருந்து ஊற்றும் பெயர் தெரியாத ஆயிலையோ விடச் சம்மதிக்காதீர்கள். பைக்கில் கிளட்சும் அதே ஆயிலில்தான் ஓடுகிறது.

நிஜமாகவே கியர் பாக்ஸ் கெட்டால் அதன் லட்சணமே வேறு. குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் ஓட்டத்தில் தானாக நழுவும், ஒரே கியரில் ஊளையிடும் சத்தம் வரும், வடித்த ஆயிலில் இரும்புச் சில்லு தெரியும். இதில் எதுவும் இல்லாமல் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு கடைக்குப் போங்கள். பிரித்தே ஆக வேண்டுமானால், பிரித்துப் போட்டிருக்கும்போது நேரில் வந்து பார்ப்பேன், பாகவாரியாகப் பில் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் பாதிப் பணம் தருவதாகச் சொல்லியனுப்பினார், முடியாது என்றுவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட்டால் போதும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் கைச்சீட்டாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். பழைய சாமானையும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். கேஸுக்கு இரண்டும் வேண்டும்.