ஃபேன் டோக்கன் வாங்கி வருஷக் கணக்கில் வைத்திருந்த கதை

2021 ஆகஸ்ட்டில் மெஸ்ஸி பாரிஸின் பி.எஸ்.ஜி. கால்பந்துக் கிளப்புக்குப் போனபோது, அவருக்குக் கொடுத்த வரவேற்புத் தொகுப்பில் அந்தக் கிளப்பின் ஃபேன் டோக்கன்களும் இருந்தன. ஃபேன் டோக்கன் என்பது கிளப்பின் பெயரில் விற்கிற ஒரு வகை கிரிப்டோ; வைத்திருப்பவர்கள் கிளப் நடத்தும் சின்னச் சின்ன ஓட்டெடுப்புகளில் கலந்துகொள்ளலாம். அதைப் படித்த வாரமே எனக்கும் கை அரிக்க ஆரம்பித்தது. நான் வாங்கியது வேறொரு ஐரோப்பியக் கிளப்பின் டோக்கன். பெயர் வேண்டாம், அந்த டீம் எனக்கு இன்னும் உயிர்.

வாங்குவதே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. முதலில் ஓர் எக்ஸ்சேஞ்சில் ரூபாய் கட்டி சிலீஸ் என்ற கிரிப்டோ வாங்கினேன். அதை டோக்கன் விற்கும் ஆப்புக்கு அனுப்பி, அப்புறம்தான் டோக்கன். 5,000 ரூபாயில் கட்டணமெல்லாம் போக 4,600 சொச்சத்துக்குத்தான் டோக்கன் கிடைத்தது.

ஓட்டுரிமை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். கோச்சை மாற்றலாமா என்று நம்மிடம் கேட்பார்கள் என நினைத்துவிடாதீர்கள். யுவென்டஸ் ரசிகர்களிடம் கேட்டது, கோல் விழுந்தால் மைதானத்தில் எந்தப் பாட்டு போடலாம் என்று. பார்சிலோனாவில், டிரெஸ்ஸிங் ரூம் சுவருக்கு எந்த ஓவியம் என்று. எனக்கு வந்ததும் அதே ரகம்தான். ஆனாலும், நான் ஓட்டுப் போட்ட வாசகம் கேப்டனின் கைப்பட்டையில் தெரிந்த அன்று, டிவியை நிறுத்தி ஃபோனில் படம் எடுத்துவைத்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

கெடுத்தது விலைதான். டீம் ஜெயித்தால் டோக்கன் ஏறும் என்பது என் கணக்கு. 2022 உலகக் கோப்பையில் சவுதியிடம் தோற்ற அன்று அர்ஜென்டினா டோக்கன் சரிந்ததைப் புரிந்துகொள்ள முடிந்தது. கோப்பையையே தூக்கிய பிறகும் சரிந்ததே! எதிர்பார்ப்பில் வாங்கியவர்கள் கடைசி விசில் ஊதியதும் விற்றுவிடுகிறார்கள். இது புரிவதற்குள் எனக்கு வேறொரு வியாதி வந்துவிட்டது. மேட்ச் ஓடும்போது ஒரு கண் பந்தில், ஒரு கண் சார்ட்டில். ஒருநாள் 88-வது நிமிஷ கோலை, விலை பார்த்துக்கொண்டிருந்ததில் தவறவிட்டேன். பக்கத்து வீட்டுக் கூச்சல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

இடையில் ஒரு கிரிக்கெட் வீடியோ கார்டு (இதுவும் கிரிப்டோ மாதிரி ஒரு டிஜிட்டல் சரக்குதான்) வாங்கி விற்றதில் 900 ரூபாய் லாபம். டோக்கனில் பெரும்பகுதியை விற்றதில் 3,000-க்கு மேல் நஷ்டம். சரி, ஒன்றில் ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், நம் ஊர் வருமான வரிச் சட்டத்தில் அதற்கு வழியில்லை. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி. நஷ்டம் நம் தலையில். விற்கும்போது 1% டி.டி.எஸ். என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தம் வேறு. மொத்தத்தில் தோற்றவன் வரியும் கட்டினேன்.

கார்டு, டோக்கன் வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், அந்தக் காசுக்கு ஜெர்சி வாங்கச் சொல்கிறேன். துவைத்துப் போடவாவது ஆகும்.

மிச்சம் நாலு டோக்கன் ஆப்பிலேயே கிடக்கிறது. எடுப்பதற்கான குறைந்தபட்ச அளவைத் தொடவில்லை. போன வாரம் ஒரு நோட்டிஃபிகேஷன்: பயிற்சி உடைக்கு எந்தக் கலர்? நீலத்துக்குக் குத்தினேன்.