மேய்ச்சல் நிலத்துக்குத் தழைச்சத்து: யூரியாவா, அம்மோனியம் சல்பேட்டா, பயறுவகைத் தீவனமா?

மூட்டை விலையைப் பார்த்து உரம் வாங்கினால் கணக்கு தப்பும். ஒரு கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்ன விலைக்கு வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்டில் 21. ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து கொடுக்க யூரியா 109 கிலோ போதும். சல்பேட் 238 கிலோ வேண்டும்.

பெரும்பாலும் யூரியாதான் மலிவு. ஆனால் அந்த மலிவு மழையை நம்பியது. உழுத வயலில் உரத்தை மண்ணோடு கலந்துவிடலாம். மேய்ச்சல் நிலத்தில் அதற்கு வழியில்லை. குருணை காய்ந்த புல் சருகின் மேலேயே தங்கிவிடும். இரவுப் பனி அதைக் கரைக்கும், மண்ணுக்குள் இறக்காது. சருகில் நிறைய இருக்கும் யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்க, குருணையைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி, தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். தூவிய இரண்டு மூன்று நாளில் ஒரே மழையாக 12 மி.மீ. பெய்தால் உரம் வேருக்குப் போய்ச் சேரும். வெறும் தூறல் என்றால் இழப்புதான். ஆகவே மழை உறுதியாகத் தெரியாத நேரத்தில் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

சல்பேட் அப்படியில்லை, சுண்ணாம்பு மண்ணைத் தவிர மற்ற இடங்களில் மழைக்காகக் காத்துக் கிடக்கும். கூடவே 24 சதவீதம் கந்தகமும் கிடைக்கும். அதன் குறை, மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டுவது: ஒரே அளவு தழைச்சத்துக்கு யூரியாவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏற்கெனவே அமில மண் என்றால் வேண்டாம்.

முயல்மசால் போன்ற பயறுவகையை விதைத்தால் வேர்முடிச்சே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), முதல் பருவத்தில் மேய்ச்சலுக்கு ஓய்வும். பலன் மெதுவாகத்தான் தெரியும். அவசரப்பட்டு அதன்மேல் யூரியா தூவினால் புல் ஓங்கி, நிழலிலேயே பயறு அழிந்துவிடும். இரண்டு செலவும் வீண்.

எந்த உரமானாலும், வறட்சியில் வளர்ச்சி நின்ற புல்லின் அடித்தண்டில் நைட்ரேட் சேரும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் சாக்லேட் நிறமாகி, மூச்சுத் திணறி மாடு சாகும். பசித்த மாட்டை அங்கே விடாதீர்கள். அடிவரை மேய விடாதீர்கள். சிந்திய யூரியாவை நக்கினாலும் சாவுதான், கூட்டி அள்ளிவிடுங்கள்.

கூடுதலாக வளரும் புல்லைத் தின்ன மாடு இல்லையென்றால் உரமே வேண்டாம். மேயாமல் விட்ட புல் முற்றித் தண்டாகிவிடும். அதை மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்கிவிடும்.